துருவும் பொன்னும்

சவரக்கத்தி ஒன்று நம் மேசைமீது கிடக்கிறது. மடக்குக் கத்தி. ஜெர்மனி நாட்டுச் சோலிங்கன் நகரத்துப் பட்டறையிலே பிறந்தது. அலகின் இருபுறமும் குழிவாகக் கடையப்பட்டிருக்கிறது. அந்தக் குழிவிலே கொடியும் பூவுமாக ஒரு கோலம், நடுவே ஊரின் பெயர். அமிலத்தால் அரித்து எழுதி, அந்தப் பள்ளத்திலே பொன் பூசியிருக்கிறார்கள். முதுகிலும் ஒரு காலத்திலே பொன் இருந்திருக்க வேண்டும். இன்று இரு கோடியிலும் கோடு கிழித்தாற்போல் மிச்சம் இருக்கிறது, நடுவிலே வெறும் எஃகு. பிடியை ஒட்டிய இடத்திலே துரு. கோலத்தின் ஓரத்திலும் துருப்புள்ளிகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன.

இதைக் கொண்டுவந்தவர் நம் தோழர்; இளைஞர்; இராசபாளையத்துக்கும் சீவில்லிப்புத்தூருக்கும் உறவும் தொடர்பும் உள்ள சோழபுரத்துக் குடும்பத்தவர். கத்தி அவருடைய தாத்தாவினுடையது. தாத்தா இளமையிலே இரங்கூனுக்குக் கப்பலேறியவர். அங்கே முடிதிருத்தும் தொழில் செய்து, கூலியில் மிச்சம் பிடித்து, ஆசையோடு வாங்கிய கத்தி இது. 1942-இல் சப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து ஊர் திரும்பினார்களே, அந்தக் கூட்டத்திலே அவரும் ஒருவர். வழியிலே பலவற்றை எறிந்தார், கத்தியை எறியவில்லை.

இப்போது வீட்டிலே வழக்கு! தோழருடைய பெரியப்பா மகன் சொல்கிறாராம்: “இந்த அடைப்பத்தைக் கண்டாலே பழைய இழிவுதான் நினைவுக்கு வருகிறது. கிணற்றிலே போடு!” தோழர் சொல்கிறார்: “போட மனமில்லை. துலக்கிப் பளபளப்பாக்கி, போன பொன்னை மீண்டும் பூசி, கண்ணாடிப் பேழையிலே வைத்துக் கூடத்திலே மாட்டலாமென்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா?”

எறிவதா, பொன் பூசுவதா? நம்மிடம் வந்த கேள்வி இது.

“நாட்டிலே ஆயிரம் சிக்கல் இருக்க, ஒரு சவரக்கத்திக்கா ஒரு கட்டுரை?” என்று முகம் சுளிக்கும் அன்பரும் இருக்கக்கூடும். அவருக்குச் சொல்கிறோம்: பழமையை என்ன செய்வது என்ற கேள்விதான், நண்பரே, சீர்திருத்தம் பேசும் நம் அனைவருடைய வாசலிலும் நிற்கும் கேள்வி. மேடையிலே அதற்கு விடை சொல்வது எளிது. கையிலே ஒரு பொருளை வைத்துக்கொண்டு, இதிலே எதை நீக்குவது, எதைக் காப்பது என்று முடிவு கட்டுவதுதான் கடினம். எனவே, கத்தியையே பார்ப்போம்.

முதலில் எஃகு. ‘வூட்சு’ என்று மேனாட்டார் அழைத்த தென்னாட்டு உருக்கின் புகழ் உலகறிந்தது. அதன் மறை என்னவென்று அறிய இலண்டனிலே ஆராய்ச்சி நடந்தது. கத்தி செய்யும் தொழிலாளியான சேம்சு சுடோடார்ட்டும், மைக்கேல் பாரடேயும் 1820-ஆம் ஆண்டை ஒட்டி அந்த ஆய்வை நடத்தினர். அதிலே பிறந்த கலப்பு எஃகு ஒன்றால் சவரக்கத்திகள் செய்வித்து, நண்பர்களுக்குப் பரிசளிப்பது பாரடேயின் வழக்கமாயிற்று. யார் இந்தப் பாரடே? கோமகனா? குருகுலத்துச் செல்வனா? இல்லை! கொல்லன் மகன், புத்தகம் கட்டும் கடையிலே வேலை பயின்றவர். உருக்கு உலையிலே உழைத்தவன் வழிவந்தவனுக்கு உலகின் உயர்ந்த அறிவு எட்டாக் கனியல்ல என்பதற்கு அந்தக் கத்திகளே சான்று.

அடுத்து, பொன். பழைய நாளிலே பொன்னைப் பாதரசத்தில் கரைத்துக் குழம்பாக்கி, உலோகத்தின்மேல் தடவி, நெருப்பிலே காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் ஒட்டிக்கொள்ளும். போன ஆவி எங்கே போகும்? தொழிலாளியின் மூச்சுக்குள்ளே போகும்! அணிகலனைப் பார்த்து மகிழ்ந்தோர் ஒருபுறம். அதைச் செய்து நடுக்கம் கண்டோர் மறுபுறம். அந்தக் கொடுமைக்கு மாற்று, மந்திரத்தாலா வந்தது? மின்சாரத்தால் வந்தது. மின்னோட்டத்தின் அளவுக்கும் படியும் உலோகத்தின் அளவுக்கும் உள்ள கணக்கை விதியாக வகுத்து 1834-இல் வெளியிட்டவர், அதே பாரடே. 1840-இலே பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். மாளிகைப் பொருளுக்கே உரியதாயிருந்த பொன் மெருகு, முடிதிருத்துவோன் கத்திக்கும் வந்து சேர வழி பிறந்தது அதற்குப் பின்னர்தான்.

ஆனால் அந்தப் பொன் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்குங்கள். அதிலே ஒரு கூற்றின் தடிப்பும் இத்தகைய மெல்லிய பூச்சுக்குப் பெரும்பாலும் இராது. விற்றால் காசு தேறாது. தேய்த்தால் நிமிடத்திலே போய்விடும்.

நம் வீடுகளிலே பித்தளைப் பாத்திரத்தைப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் துலக்குகிறோம். பாத்திரம் பளிச்சென்று ஆகிறது. அதே கையோடு இந்தக் கத்தியையும் துலக்கினால்? பொருள்களின் கடினத்தைக் கணக்கிடும் மோசு அளவையிலே பொன்னின் இடம் 2.5 முதல் 3 வரை. செங்கல் தூளிலே கலந்திருக்கும் மணற்சத்தின் இடம் 7. பொற்கொல்லர் மெருகேற்றப் பயன்படுத்தும் செம்பொடியும் பொன்னைவிடக் கடினமானதே. கடையிலே விற்கும் மெருகுக் களிம்புகளும் அப்படியே. நாலு தேய்ப்பிலே கோலம் மங்கும். பத்துத் தேய்ப்பிலே மறையும். சுழலும் மெருகுச் சக்கரத்திலே காட்டினாலோ, கண்ணிமைக்கும் நேரம் போதும்! சரி, புளி மட்டும் போடலாமா என்றால், அதிலும் கேடு உண்டு. புளியின் அமிலம் பொன்னைத் தின்னாது. பொன்னுக்கு அடியிலுள்ள எஃகைத் தின்னும். அடித்தளம் போனபின் மேல்மாடி நிற்குமா? பொன் உரிந்து வந்துவிடும்.

ஆகவே, ‘எல்லாவற்றையும் தேய்த்துத் தள்ளு’ என்பவர் துருவோடு பொன்னையும் தள்ளிவிடுகிறார். அவர் கெட்டவர் அல்லர், அவசரக்காரர்.

‘தொடாதே, அப்படியே விடு, மேலே பொன் இருக்கிறதே’ என்கிறாரே இன்னொருவர், அவர் கதி என்ன? பொன் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் பொன் போர்த்த எஃகு துருப்பிடிக்கும். அதுமட்டுமா? பூச்சிலே ஒரு துளை விழுந்து, அங்கே ஈரம் புகுந்தால், பொன்னும் எஃகும் சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு மின்கலம் ஆகிவிடுகின்றன. அந்தக் கலத்திலே அழிவது எது? எஃகு! பொன் பத்திரமாக இருக்கும். பக்கத்திலுள்ள எஃகு வெறுமனே இருந்தால் அரிபடுவதைக் காட்டிலும் விரைவாக அரிபடும். மேலே மின்னும், அடியிலே குழி விழும். ‘நம் பழம்பெருமையைப் பார்’ என்று மேற்பூச்சைக் காட்டியே காலங்கழிக்கும் கூட்டத்தாருக்கு இந்தப் பாடத்தைக் காணிக்கை ஆக்குகிறோம்.

இனி, முதுகைப் பாருங்கள். நடுவிலே பொன் போயிருக்கிறதென்று சொன்னோமே, ஏன் போயிற்று? கத்தியைத் தோல்வாரிலே தீட்டும்போது, குழிவான அலகு முழுதும் வாரிலே படாது. கூர் படும், முதுகு படும். குழிவிலுள்ள கோலம் காற்றிலே நிற்கும். அதனால்தான் கோலத்துப் பொன் பிழைத்தது. முதுகுப் பொன் தேய்ந்தது. நாளைக்கு நூறு இழுப்பு என்று வையுங்கள். 30 ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் பத்து இலட்சத்தையும் தாண்டுகிறது! அத்தனை முறை அந்த மனிதரின் மணிக்கட்டு திரும்பியிருக்கிறது. இந்தத் தேய்வு குறையா? கேடா? அன்று! எழுதப் படிக்கத் தெரியாதபடி வைக்கப்பட்ட ஒரு தொழிலாளி எழுதிவிட்டுப்போன தன் வரலாறு அது.

போன பொன்னைப் புதிதாகப் பூசலாமா என்று தோழர் கேட்டாரே, அதற்கு விடை இங்கே கிடைக்கிறது. பூச முடியும், நகரத்து முலாம் பட்டறையிலே ஒரு பொழுதிலே முடித்துத் தருவார்கள். பூசினால் கத்தி, கடையிலிருந்து அன்று வாங்கியதுபோல் ஆகும். அதாவது, தாத்தா தொடாத கத்தி ஆகும்! உழைப்பை அழித்துவிட்டு உழைப்பாளிக்குப் பெருமை செய்வது எப்படி? 1964-ஆம் ஆண்டு வெனிசு நகரிலே கூடிய வல்லுநர்கள், பழஞ்சின்னங்களைச் சீரமைப்பதற்கு வகுத்த நெறிகளிலே இரண்டை இங்கே நினைவூட்டுவோம். ஊகம் தொடங்கும் இடத்திலே சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பது ஒன்று. புதிதாகச் சேர்த்தது, பழையதிலிருந்து வேறென்று தெரியும்படி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. கட்டடங்களுக்காகச் சொன்னது அது. கத்திக்கும் பொருந்தும், குடும்பக் கதைக்கும் பொருந்தும்.

இதுவரை சொன்னதைக் கேட்டுத் தோழர் தலையசைத்தார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“ஐயா, ஒன்றை மறைத்துவிட்டேன். இரங்கூனிலே தாத்தா வந்தவர் எல்லாருக்கும் சவரம் செய்தார். பர்மியர், சீனர், முசுலீம், நம்மூர்ச் சேரியிலிருந்து கூலிக்குப் போனவர், எல்லாருக்கும் இந்தக் கத்திதான். ஊருக்குத் திரும்பியபின் சேரி மக்களுக்கு அவர் செய்யவில்லை. ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் களத்துமேட்டிலே அளக்கும் நெல் நின்றுவிடும். இரங்கூனிலே பக்கத்து அறையிலே இருந்தவர் ஒருவர், ஊரிலே வந்து கேட்டாராம். தாத்தா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாராம். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.”

அதைக் கேட்டபின், பொன்னைப் பற்றிய பேச்சு வெறும் மெருகுப் பேச்சாக இல்லை.

இந்த வட்டாரம் அந்நாளிலே இராமநாதபுரம் மாவட்டம். அந்த மாவட்டத்திலே 1930 டிசம்பரிலே, ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். மானுடவியல் அறிஞர் ஜே. எச். ஹட்டன் 1946-இல் வெளிவந்த தம் நூலிலே அவற்றைப் பதிந்திருக்கிறார். சட்டை போடக்கூடாது; குடை பிடிக்கக்கூடாது; செருப்பு அணியக்கூடாது; பெண்கள் பூச்சூடக்கூடாது. அந்தப் பட்டியலிலே முதல் தடை என்ன தெரியுமா? பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது! மற்றொரு தடை? முடி வெட்டிக்கொள்ளக் கூடாது!

பொன்னும் கூடாது, கத்தியும் கூடாது! நம் மேசைமீது கிடக்கும் இந்தச் சிறு பொருளிலே அந்த இரண்டு தடையும் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. ஒரு மனிதன் தன் தலைமயிரைக் கத்தரித்துக்கொள்வதுகூட இன்னொருவனுக்குப் பொறுக்கவில்லை என்றால், அந்தப் பொறாமைக்குப் பெயர் தருமமாம், வழக்கமாம், ஊர்க் கட்டுப்பாடாம்!

அந்தக் கட்டுப்பாட்டிலே முடிதிருத்துவோர் நிலை என்ன? அவரே ஒடுக்கப்பட்டவர். ஊராரின் முகத்தைத் தொட்டுத் துலக்கியவர். ஆனால் தொடத்தகாதவர் போல் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். சீழுக்கும் சிரங்குக்கும் மருந்து கட்டியவர். பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சியின் குடும்பத்தவர். ஆனால் வசைச்சொல்லால் அழைக்கப்பட்டவர். அவரையே கருவியாக்கி, அவருக்கும் கீழே ஒருவரை நிறுத்தி, “இவனைத் தொடாதே” என்று ஆணையிட்டது சாதி. மேலே ஏறிவரும் மிதியைத் தாங்கியவனே கீழே ஒருவனை மிதிக்கும்படி அமைத்த படிக்கட்டு அல்லவா அது!

அப்படியானால், எறிந்துவிடச் சொல்கிறாரே அண்ணன், அவர் பக்கம் நியாயம் இல்லையா? இருக்கிறது, மறுக்க மாட்டோம். பிறப்பிலே தொழிலைக் கட்டி, தொழிலிலே இழிவைக் கட்டி வைத்த நாட்டிலே, அந்தக் கட்டை அறுத்துக்கொண்டு வந்தவன், பழைய கயிற்றை ஏன் பாதுகாக்க வேண்டும் என்று கேட்பது இயற்கை. ஆனால் அவரை ஒன்று கேட்கிறோம்: இழிவு கத்தியிலா இருந்தது? இரங்கூனிலும் இதே கத்தி; இதே கை; அங்கே இழிவு எங்கே போயிற்று? கப்பல் ஏறும்போது கரையிலே நின்றுவிட்டது. இறங்கி ஊருக்குள் வந்தபோது வாசலிலே காத்திருந்து மறுபடி பற்றிக்கொண்டது. அப்படியானால் அது எஃகின் குணமும் அன்று. தொழிலின் குணமும் அன்று. ஊரார் செய்த ஏற்பாடு. கத்தியைக் கிணற்றிலே போட்டால் ஏற்பாடு சாகாது. சான்றுதான் சாகும்! அநீதிக்குச் சாட்சியை ஒழிப்பது அநீதி செய்தவனுக்கு அல்லவா உதவி?

தோழரையும் கேட்கிறோம். கண்ணாடிப் பேழை, புதுப் பொன், கூடத்துச் சுவர், எல்லாம் சரி. பார்ப்பவர் என்ன நினைப்பார்? “சமீன்தார் வீட்டுக் கத்தியோ!” என்பார். நீங்கள் அதைக் கேட்டு மகிழ்வீர்களா? மகிழ்ந்தால், தாத்தாவின் தொழிலை எண்ணி நாணுகிறீர் என்று பொருள். எறியச் சொல்லும் அண்ணனுக்கும் பூசச் சொல்லும் தம்பிக்கும் வேறுபாடு அப்போது என்ன? ஒருவர் மறைப்பது கிணற்றினால். மற்றவர் மறைப்பது பொன்னினால்!

சீவில்லிப்புத்தூர்க் கோயில் விமானத்துக்குப் பொன் வேய்ந்து 2016-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். உயரத்திலே மின்னும் பொன்னைக் காக்கக் காவல் உண்டு, கணக்கு உண்டு, ஆட்கள் உண்டு. முடிதிருத்துவோன் கத்தியிலே ஒட்டியிருக்கும் பொன்னுக்கு யார் உண்டு? நாம்தான் உண்டு. அது விலையிலே அற்பம். ஆனால், கூலிப்பணத்திலே ஒரு தொழிலாளி, வெறும் கத்தியே போதும் என்றிருக்காமல், பூவும் கொடியும் பொறித்த கத்தியைத் தேடி வாங்கினாரே, அந்த உள்ளத்தின் அளவு என்ன? அழகு ஆண்டைகளின் ஏகபோகம் அல்ல, என் கைக்கும் அது உரியது என்று சொல்லாமல் சொன்ன செயல் அது. அந்தப் பொன்னைத் தேய்த்தழிக்க நமக்கு உரிமையில்லை. இல்லாத பொன்னைச் சேர்க்கவும் உரிமையில்லை.

எனவே, கத்தியை இவ்வாறு சீர்செய்தோம். வெதுவெதுப்பான நீரிலே மென்மையான சவர்க்காரம் கரைத்துக் கழுவினோம். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலே நெய்கிறார்களே மருத்துவக் கட்டுத்துணி, புண்ணை ஒற்றும் அந்த மெல்லிய துணியாலே பொன்னை ஒற்றி எடுத்தோம், தேய்க்கவில்லை. துரு இருந்த இடத்திலே மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்து, மூங்கில் சிம்பைச் சீவி, பொன்னின் எல்லையைத் தொடாமல் சுரண்டினோம். பொன் இல்லாத இடத்திலே மட்டும் மெருகுப் பொடி. கோலத்தின் ஓரத்துத் துருவை முழுவதும் எடுக்க முயன்றால் கோலமும் வந்துவிடும் என்று கண்டதும் கையை நிறுத்தினோம். பரவாதபடி எண்ணெய் பூசினோம். அழகுக்காக அந்தத் துருப்புள்ளியை அழிக்கவில்லை. கல்லிலே தீட்டும்போது, முதுகிலே மிச்சமிருந்த பொன் தேயாதிருக்க, மெல்லிய ஒட்டுநாடா ஒட்டினோம். கூரின் சாய்வு அதனால் ஒரு மயிரிழை மாறும்; அதை அறிந்தே செய்தோம். கத்திக்குக் கூர் வேண்டும். கூரற்ற கத்தியை அழகுக்காக வைத்திருப்பது, கொள்கையற்ற கட்சியைக் கொடிக்காக வைத்திருப்பது போலாகும்! இனி இதை வியர்வைக் கையால் தொடாமல், தோலுறையிலே போட்டுப் பூட்டாமல், உலர்ந்த இடத்திலே வைத்திருக்க வேண்டும். தோலுறை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, ஒரு தாள். கத்தியோடு வைக்க வேண்டிய அந்தத் தாளிலே என்ன எழுதுவது என்று தோழர் கேட்டார். உள்ளதை எழுதுங்கள் என்றோம். எழுதினார்: எங்கே வாங்கியது, யார் கை பிடித்தது, முதுகிலே பொன் ஏன் தேய்ந்தது. அங்கே பேனா நின்றது. “மற்றதையும் எழுத வேண்டுமா, ஐயா?” என்றார். எழுத வேண்டும் என்றோம். தாத்தாவைக் காட்டிக்கொடுப்பதாகாதா என்றார். நாம் சொன்னோம்: அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார் என்றீர்களே, தோழரே, யாரிடம் சொன்னார்? கேட்க வேண்டியவரிடம் சொல்ல முடியாமல் உங்களிடம் சொன்னார். அந்தச் சொல்லைக் கொண்டுசேர்ப்பது காட்டிக்கொடுப்பது ஆகாது, கடனைத் தீர்ப்பதாகும்.

1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், ‘கடை’ என்பதற்கு விளக்கம் சொல்லும்போது முடிதிருத்தும் நிலையத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சட்டம் வந்து எத்தனை ஆண்டு! ஆயினும் இன்றும், ஏதோ ஒரு சிற்றூரிலே முடிதிருத்த மறுத்தார்கள் என்ற செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. கடைகளிலே பழைய கத்தி போய், ஒருமுறை பயன்படுத்தி எறியும் தகடு வந்துவிட்டது. நோய் பரவாமல் காக்கும் நல்ல மாற்றம். தகடு மாறியது போல மனம் மாற வேண்டாமா?

இளைஞர்களே! சீர்திருத்தக்காரன் கையிலே இரண்டு திறமை வேண்டும். துருவைக் கண்டு தயங்காத துணிவு ஒன்று. பொன் எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்ளும் கண் மற்றொன்று. துணிவு மட்டும் உள்ளவன் செங்கல் தூளோடு வருவான். கண் மட்டும் உள்ளவன் பார்த்துக்கொண்டே இருப்பான், துரு தின்று முடிக்கும். இரண்டும் உள்ளவனுக்கு வேலை மெதுவாகத்தான் நடக்கும், நடந்தது நிற்கும்.

தோழர் தாளை எழுதி முடித்தார். இரங்கூனிலே எல்லாருக்கும் செய்தார், ஊரிலே சிலருக்கு மறுத்தார், மறுத்ததற்காக வருந்தினார் என்று மூன்று வரி. கத்தியை மடக்கித் துணியிலே சுற்றிக்கொண்டு, “கூடத்திலே மாட்டப்போவதில்லை, ஐயா. அந்த இரங்கூன்காரர் பேரன் பக்கத்து ஊரிலே இருக்கிறார். முதலிலே அவரிடம் காட்டிவிட்டு வருகிறேன்” என்று சொல்லி எழுந்தார்.